எல்லோருக்கும் ஒரே எடிட்டரா?

ஈமாக்ஸ் என்றால் ஆளுக்கொரு கோலம் என்பதுதான் மென்பொருள் உலகின் பேச்சு. பத்து வருடமாக அதை வளைத்துத் திருப்பித் தன் வசமாக்கிய ஒருவரின் கணினி முன் உட்கார்ந்தால், அதே ஈமாக்ஸில் வேலை செய்யும் இன்னொருவருக்கே எந்தச் சாவி என்ன செய்யும் என்று பிடிபடாது. ஆனால் அந்த எடிட்டர் பிறந்ததே எல்லோரையும் ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான். 1970களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்ற எடிட்டர் புழக்கத்தில் இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைத் திருத்தி, எந்தச் சாவியை அழுத்தினாலும் நாம் எழுதிவைத்த ஒரு மேக்ரோ ஓடும்படி செய்தார். கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு ஒரு மேக்ரோ தொகுப்பு முளைத்தது. ஒருவர் இன்னொருவரின் இருக்கைக்குப் போய் ஒரு பிழையைத் திருத்திக் கொடுக்க முடியாத நிலை வந்தது. கை ஸ்டீல் என்ற இளைஞர் இந்தத் தொகுப்புகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், எந்தக் கட்டளைக்கு எந்தச் சாவி என்று பேசி, பொதுவான ஒன்றை வகுக்கத் தொடங்கினார். வேலையை முடித்தவர் ஸ்டால்மன். 1976இல் உருவான அந்தப் பொதுத் தொகுப்புதான் ஈமாக்ஸ்.

அவர்கள் வகுத்தது தொடக்க நிலையை மட்டும். பக்கத்து இருக்கைக்காரர் வந்து உட்கார்ந்தால் அவருக்குக் கை பழகிய ஒரு பொது நிலை இருக்க வேண்டும். அதற்கு மேல் அவரவர் விருப்பம். மாற்றிக்கொள்ளும் உரிமையில் யாரும் கை வைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து நிறுவனங்கள் அதே சிக்கலில் வந்து நிற்கின்றன. அந்த ஆய்வகத்துக்கு இருந்த நிதானம் எல்லா நிறுவனங்களுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்று இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலாக வருகிறது. அடுத்த மாதம் முதல் அனைவரும் இன்ன எடிட்டரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்றவற்றைக் கணினியிலிருந்து நீக்கிவிடவும். காரணம் ஒரு வரியில் இருக்கும்: சீர்மை, அல்லது பாதுகாப்பு, அல்லது லைசென்ஸ் செலவு. எதிர்ப்பும் ஒரு வரிதான்: என் கருவி, என் உரிமை. இரு தரப்பும் வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. நிரலின் கோடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அது எந்தச் சூழலில் ஓட வேண்டும் என்பது வேறொன்று. அதை எந்த மென்பொருளில் தட்டச்சு செய்வது என்பது இரண்டிலும் சேராதது. சுருக்கமாகச் சொன்னால், மேசையை விட்டு வெளியே போகும் எதையும் நிறுவனம் தரப்படுத்தலாம், தரப்படுத்தவும் வேண்டும். மேசையோடு நின்றுவிடும் ஒன்றில் தலையிட வலுவான காரணம் வேண்டும். அப்படிப்பட்ட காரணங்கள் சில உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படுபவை அவையல்ல.

வடிவத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சண்டை அதிகம் நடந்தது அங்கேதான். விண்டோஸ் வழக்கமாக ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளை வைக்கும். யூனிக்ஸ் வழி வந்தவை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால், இரண்டே வரிகளை மாற்றி ஒருவர் அனுப்பிய கோப்பு முழுதும் மாறிவிட்டதாக, கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவி காட்டும். ரிவ்யூ செய்பவர் ஆயிரம் வரிகளில் அந்த இரண்டு வரிகளைத் தேட வேண்டும். விண்டோஸின் நோட்பேட் யூனிக்ஸ் வரி முடிவைச் சரியாகக் காட்டத் தொடங்கியது 2018இல்தான் என்றால் இந்தத் தொல்லையின் வயது புரியும். டேப், ஸ்பேஸ் வழக்கு இன்னும் பழையது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவிக்கான கோப்பில், கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் போட்டால் திரையில் அச்சு அசலாக அதே மாதிரி தெரியும், ஓடாது. பைத்தான் 3 டேப்பையும் ஸ்பேஸையும் முறையின்றிக் கலந்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

இதையெல்லாம் அனுபவித்த ஒரு மேலாளர், எல்லோரும் ஒரே எடிட்டருக்கு வந்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைப்பது இயல்பு. தீராது. ஒரே எடிட்டரில் இரண்டு பேர் இரண்டு விதமாக அமைப்புகளை வைத்திருப்பார்கள். ஒருவர் சேமிக்கும்போது வரிக் கடைசி வெற்றிடங்கள் தானாக நீங்கும், இன்னொருவருக்கு நீங்காது. கோளாறு எடிட்டரின் பெயரில் இல்லை.

அதற்கு மருந்து வந்தது வேறு பக்கத்திலிருந்து. 2009 நவம்பரில் கூகுள் வெளியிட்ட கோ மொழியோடு கோஃபம்ட் என்ற சிறு நிரலும் வந்தது. கோடை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்; இந்த நிரல் அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். உனக்கு எது பிடிக்கும் என்று அது கேட்பதே இல்லை. அது தரும் வடிவம் தனித்தனியாக யாருக்கும் பிடித்ததல்ல, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் ஒரு மேடையில் சொன்னது கோ நிரலாளர்களிடையே பழமொழியாகவே ஆகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் ஜேம்ஸ் லாங்கின் பிரிட்டியர் வந்தது. பைத்தானுக்கு 2018இல் வூகாஷ் லாங்காவின் பிளாக். இரண்டும் வேண்டுமென்றே தேர்வுகளைக் குறைத்துக்கொண்டவை. எடிட்டர்கன்ஃபிக் என்ற ஏற்பாடு இன்னும் எளியது: திட்டக் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு. இங்கே உள்தள்ளல் நான்கு ஸ்பேஸ், வரி முடிவு இன்னது என்று அதில் இருக்கும். பெரும்பாலான எடிட்டர்கள் அதைத் தாமாகவோ ஒரு செருகுநிரலின் உதவியாலோ படித்து அதன்படி நடந்துகொள்ளும்.

பழைய கோடை ஒரே நாளில் இப்படி வடிவமைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. இந்த வரியை எழுதியவர் யார் என்று கிட்டிடம் கேட்டால், எல்லா வரிகளுக்கும் அன்று வடிவமைப்பை ஓட்டியவரின் பெயரையே சொல்லும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்குப் பிழைக்கு அந்தப் பாவப்பட்டவர் பதில் சொல்ல வேண்டிவரும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23, குறிப்பிட்ட சில மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல வழி கொடுத்தது. இவ்வளவு நுணுக்கமான இடம்வரை தரப்படுத்தல் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாருடைய எடிட்டரையும் பிடுங்காமலே.

இப்படிப்பட்ட வடிவச் சோதனைகள் நிரலாளரின் கணினியில் மட்டும் நடந்தால் போதாது, கோடு வந்து சேரும் சர்வரிலும் நடக்க வேண்டும். அங்கே தேறாத கோடு மெர்ஜ் ஆகக் கூடாது. ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2021இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் ட்ரோஜன் சோர்ஸ் என்ற பெயரில் ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் உள்ள கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் கோடுக்குள் செருகினால், ரிவ்யூ செய்பவர் திரையில் படிப்பது ஒன்றாகவும் கம்பைலர் படிப்பது வேறாகவும் இருக்கும். எச்சரிக்கும் எடிட்டர்கள் பின்னர் வந்தன. ஆனாலும் நூறு பேரின் திரையும் சரியாக எச்சரிக்கும் என்று நம்பியிருப்பதைவிட, கோடு நுழையும் வாசலில் ஒரு சோதனையை வைப்பது எளிது.

வெளியே போவதையும் மேசையோடு நிற்பதையும் வேறாகப் பார்க்கும் இந்தப் பிரிப்பு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1990களில் தமிழ்க் கணிமையில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை அதே எழுத்துரு இல்லாமல் மற்றவர் படிக்க முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு குறியாக்கத்துக்கும் விசைப்பலகைக்கும் சேர்த்தே தரம் அறிவித்தது. நடந்தது என்ன? குறியாக்கம் கடைசியில் யூனிகோடில் ஒன்றுபட்டது. ஒன்றுபட்டே தீர வேண்டியிருந்தது, ஏனென்றால் ஊர் விட்டு ஊர் போவது அதுதான். விசைப்பலகையில் அப்படி நடக்கவில்லை. தமிழ் 99இல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், பழைய தட்டச்சு முறையில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆங்கில ஒலிப்பில் அடிப்பவர்கள் மிகப் பலர். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து சேரும் கட்டுரையைப் பார்த்து இது எந்த முறையில் அடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எடிட்டர்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்ததில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் ஜாவா என்றால் எக்லிப்ஸ் அல்லது இன்டெல்லிஜே என்பதற்கு நல்ல காரணம் இருந்தது. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் அது அழைக்கப்படும் எல்லா இடங்களிலும் சரியாக மாற்றும் அறிவு அவற்றிடம்தான் இருந்தது, விம் போன்ற எளிய எடிட்டர்களிடம் இல்லை. அந்த அறிவை ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இருபது எடிட்டர், இருபது மொழி என்றால் நானூறு வேலை. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகியவை சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் அந்தக் கணக்கை மாற்றியது. மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி தனி நிரலாக ஓடும். எடிட்டர் அதனோடு ஒரே மரபில் பேசும். நானூறு நாற்பதாகக் குறையும். நியோவிம் 2021இலும் ஈமாக்ஸ் 2023இலும் இந்த வசதியை உள்ளேயே சேர்த்துக்கொண்டன. நல்ல கருவி வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே எடிட்டருக்கு வர வேண்டும் என்ற வாதத்தின் முதுகெலும்பு அதோடு பெருமளவு முறிந்தது. ஜாவா, கோட்லின் போன்றவற்றில் இன்டெல்லிஜேயின் ஆழம் இன்னும் ஒரு படி மேலேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கான லைசென்ஸ் கேட்கும் நிரலாளரிடம் இலவசமாகக் கிடைப்பதை வைத்துச் சமாளி என்று சொல்லும் நிறுவனம், மாதச் சம்பளத்தின் சிறு துளியை மிச்சப்படுத்திப் பெரிய துளியை இழக்கிறது.

சூழலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. என் கணினியில் ஓடுகிறது என்ற வாக்கியத்தை ஒழிக்கத்தான் கன்டெய்னர்கள் வந்தன. மொழியின் பதிப்பு, நூலகங்கள், டேட்டாபேஸ் எல்லாம் திட்டத்தோடே எழுதிவைக்கப்பட்ட ஒரு விவரக் கோப்பிலிருந்து எழும்பி வருகின்றன. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் தன் சொந்தப் பொறியாளர்களை 2021இல் கோட்ஸ்பேசஸ் என்ற மேகச் சூழலுக்கு மாற்றியது. அவர்களுடைய முக்கியக் களஞ்சியம் அப்போது ஏறத்தாழ 13 ஜிகாபைட். இறக்குவதற்கே இருபது நிமிடம் ஆனது. புதிய ஏற்பாட்டில் வேலை செய்யத் தயாரான கணினி சில நொடிகளில் கிடைத்தது. பிரவுசரிலோ மைக்ரோசாஃப்ட்டின் வி.எஸ். கோட் எடிட்டரிலோ அதைத் திறக்கலாம். விம், ஈமாக்ஸ்காரர்கள் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போகலாம். புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்தை நிறுவல் வேலையிலேயே தொலைக்கிறார் என்ற குறைக்கு இதுதான் பதில். அந்த வாரத்தைத் தின்றது எடிட்டர் அல்ல.

பெரிய நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்தன என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஃபேஸ்புக் 2019 நவம்பரில் வி.எஸ். கோடைத் தன் இயல்புநிலை எடிட்டராக அறிவித்தது. அதற்கு முன் அங்கே ஒருவர் விம், ஒருவர் ஈமாக்ஸ், பலர் நியூக்லைட் என்ற உள்வீட்டுத் தயாரிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. இயல்புநிலை என்பதற்கும் கட்டாயம் என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. இயல்புநிலை என்றால் நிறுவனத்தின் உள்வீட்டுக் கருவிகள் முதலில் அதற்குத்தான் வரும்; சிக்கல் வந்தால் உதவ ஒரு குழு இருக்கும்; ஒன்றும் தெரியாத புதியவர் யோசிக்காமல் அதைத் திறக்கலாம். நெட்ஃப்ளிக்ஸ் இதைப் போட்டு வைத்த சாலை என்கிறது: அதில் போனால் வசதி, விட்டு விலகிப் போனால் பஞ்சர் ஒட்டுவது உன் பொறுப்பு. எனக்குச் சரியாகப் படும் ஏற்பாடு இதுதான்.

சொல்லப்போனால் சந்தை தானாகவே தரப்படுத்திக்கொண்டுவிட்டது. 2015 ஏப்ரலில் அறிமுகமான வி.எஸ். கோடைப் பயன்படுத்துவதாக, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2024 கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் குறிப்பிட்டார்கள். அதே கணக்கெடுப்பில் ஒருவரே பல எடிட்டர்களைக் குறிக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டி வெகுதூரம் போகும். ஒரே ஆள் ஜாவாவுக்கு இன்டெல்லிஜே, சிறு ஸ்கிரிப்டுக்கு வி.எஸ். கோட், சர்வரில் ஒரு வரி திருத்த விம் என்று மாறிக்கொண்டே இருப்பார் என்பதுதான் நடைமுறை. ஒருவருக்கு ஓர் எடிட்டர் என்பதே பொய்யாக இருக்கும்போது, நிறுவனத்துக்கு ஓர் எடிட்டர் எங்கிருந்து வரும்?

கட்டாயத்தின் ஆபத்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். நியூக்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கிட்ஹப்பின் ஆட்டம் எடிட்டரின் மேல் கட்டப்பட்டது. 2014இல் ஆட்டம் வந்தபோது எதிர்காலம் இதுதான் என்று பேசினார்கள். 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்த ஆண்டு இறுதியிலேயே ஃபேஸ்புக் நியூக்லைட்டின் திறமூல வெளியீட்டைக் கைவிட்டது. 2022 டிசம்பரில் கிட்ஹப் ஆட்டத்தை மூடியது. வி.எஸ். கோட் உட்படப் பல மென்பொருள்கள் இன்றும் நிற்கும் எலெக்ட்ரான் என்ற அடித்தளம் ஆட்டத்துக்காக எழுதப்பட்டது என்பது தனிக்கதை. ஆண்ட்ராய்டு செயலி எழுதியவர்களுக்கு எக்லிப்ஸ்தான் அதிகாரபூர்வக் கருவியாக இருந்தது. 2013இல் கூகுள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அறிவித்தது. 2015 இறுதியில் எக்லிப்ஸ் செருகுநிரலுக்கான ஆதரவு நின்றது. பில்ட் செய்யும் முறையே எக்லிப்ஸின் கோப்புகளோடு பின்னிக் கிடந்த குழுக்களுக்கு அது நல்ல பாடம். கட்டளை வரியிலிருந்து பில்ட் செய்யப் பழகியிருந்தவர்களுக்கு வலி குறைவு. இன்னொரு பக்கம், 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய வி.ஐ. இன்னும் சாகவில்லை. அம்புக்குறிகளை எச், ஜே, கே, எல் சாவிகளின் மேலேயே அச்சிட்டிருந்த ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் அவர் அதை எழுதினார். முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, ஆனால் இன்றைய எடிட்டர்களிலும் வி.ஐ.யின் வழி வந்த விம் முறை என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஐந்தாண்டுத் திட்டம் போடும் நிறுவனம் எந்த எடிட்டரின் ஆயுளைக் கணித்துக் கட்டாயமாக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

உற்பத்தித்திறன் என்று ஒரு வாதம் வரும், இரு பக்கத்திலிருந்தும். விம்காரர் தன் விரல்களின் வேகத்தைக் காட்டுவார். மேலாளர் எல்லோரும் ஒன்றில் இருந்தால் வேகம் கூடும் என்பார். ஷின் ஷியாவும் கூட்டாளிகளும் 78 தொழில்முறை நிரலாளர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுடைய நேரத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் கோடைப் புரிந்துகொள்வதிலேயே போகிறது என்றது. கோடைத் திருத்துவதற்குப் போனது சுமார் 5 சதவீதம். விரல் வேகம் பற்றிய சண்டை அந்த ஐந்துக்குள் நடக்கும் சண்டை. ஆனால் புரிந்துகொள்வதும் எடிட்டரில்தான் நடக்கிறது: தாவிப் போவது, திரும்பி வருவது, தேடுவது. அங்கே பழக்கம்தான் பேசும். பத்து வருடம் பழகிய திரையில் கண் தானாகப் போய் நிற்கும் இடத்தைப் புதிய திரையில் தேட வேண்டியிருக்கும். மாற்றச் சொல்லும் உத்தரவின் விலை அதுதான். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018இல் எழுதிய ஆக்சிலரேட் என்ற நூல், தங்கள் கருவிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் குழுக்கள் மென்பொருளை வெளியிடுவதில் மேலாக இருக்கின்றன என்கிறது. அதில் பேசப்படுவது குழுவின் தேர்வு, தனி ஆளின் தேர்வு அல்ல என்பதை எடிட்டர் சுதந்திரவாதிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சில பேருக்கு இது பழக்கத்தோடு நிற்கும் விஷயமே அல்ல. டி. வி. ராமன் பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் கூகுளில் பணியாற்றியவர். 1995இல் அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், ஈமாக்ஸைப் பேசும் சூழலாக மாற்றியது. திரையில் உள்ளதை வரிவரியாக வாசிப்பதோடு அது நிற்பதில்லை. இது கமென்ட், இது மாறியின் பெயர் என்பதைக் குரலின் தொனியை மாற்றியே உணர்த்தும். அப்படி வேலை செய்யும் ஒருவரிடம் போய் ஈமாக்ஸை நீக்கிவிடவும் என்று எழுதுவது, வேலையை விட்டு விலகவும் என்று எழுதுவதுதான். மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொட முடியாதவர்கள், பெரிய எழுத்தும் கூடிய வண்ண வேறுபாடும் தேவைப்படுபவர்கள் என்று வரிசை நீளும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நியாயமான வசதி செய்து தருவது பற்றிப் பேசுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. விதிவிலக்கு கேட்க வழியில்லாத எடிட்டர் உத்தரவு அந்தக் கொள்கையோடு எப்படி ஒத்துப்போகும் என்று மனிதவளத் துறையினர்தான் சொல்ல வேண்டும்.

நிறுவனத்தின் பக்கம் உண்மையான காரணங்கள் இருக்கும் இடத்துக்கு இப்போது வரலாம். தளமே முடிவு செய்துவிடும் இடங்கள் உண்டு. ஐஃபோன் செயலிக்கு ஆப்பிளின் எக்ஸ்கோட் என்ற கருவி இல்லாமல் சிமுலேட்டரும் இல்லை, ஆப்பிளின் கையொப்ப நடைமுறையும் எளிதில் நகராது. பயிற்சி வகுப்பு இன்னொன்று: முப்பது ஃப்ரெஷர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில், திரையில் காட்டும் பட்டன் எல்லோருடைய கணினியிலும் அதே இடத்தில் இருப்பது நல்லது, பயிற்சி நடக்கும் மாதங்களுக்கு ஒரே எடிட்டர் என்பதில் தவறே இல்லை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசைகட்டி நிற்கும் சேவை நிறுவனங்களில் கேள்வியே எழாது. கோடு இருப்பது வாடிக்கையாளரின் மெய்நிகர்க் கணினியில்; அதில் என்ன இருக்கலாம் என்பது கடல் கடந்து எங்கோ முடிவாகிறது. ஒரு செருகுநிரல் வேண்டுமென்றால் டிக்கெட் போட்டுவிட்டு ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே எடிட்டர் சுதந்திரம் பற்றிய கட்டுரையைப் படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போவார்.

பாதுகாப்புதான் கனமான காரணம். 2015 செப்டம்பரில் எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரம் வெளிவந்தது. ஆப்பிளின் சர்வரிலிருந்து எக்ஸ்கோடை இறக்க மெதுவாக இருக்கிறது என்று சீனாவில் பலர் உள்ளூர்த் தளங்களில் கிடைத்த பிரதியை இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரதி, உருவாக்கும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் நச்சுக் கோடைச் சேர்த்துவிட்டது. வீசாட்டின் ஒரு பதிப்பும் அதில் சிக்கியது. எழுதியவரின் கோடில் ஒரு குறையும் இல்லை, கருவியே திருடன். அவர்கள் எல்லோரும் பயன்படுத்தியது ஒரே எடிட்டர்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தரப்படுத்தியிருக்க வேண்டியது பெயரை அல்ல, கருவி வந்த வழியை. இன்று அந்த இடத்தில் நிற்பவை செருகுநிரல்கள். வி.எஸ். கோடின் சந்தையில் ஒரு வண்ணத் தீம் என்று இறக்கும் சிறு பொட்டலம்கூட, அதற்குள் ஓடும் கோடு இருந்தால், அந்தக் கணினியில் உங்களால் செய்ய முடிந்த எதையும் செய்ய முடியும்: கோப்புகளைப் படிக்கலாம், சாவிகளை எடுத்துக்கொண்டு போகலாம். அனைவரும் வி.எஸ். கோட் என்று உத்தரவிட்டுவிட்டுச் செருகுநிரல் பட்டியலைத் திறந்து போட்ட நிறுவனம், பூட்டு வாங்கிவந்து சன்னலில் மாட்டியிருக்கிறது. எந்த எடிட்டர் வேண்டுமானாலும் இருக்கட்டும், நிறுவனம் சரிபார்த்து வைத்த இடத்திலிருந்து மட்டும் இறக்கு என்பது பொருளுள்ள விதி.

இங்கேதான் என் எல்லைக்கோடும் நகர்கிறது. எடிட்டர் மேசையோடு நின்றுவிடும் பொருள் என்றேன். 2021 ஜூனில் கோடு எழுத உதவும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்த நாளிலிருந்து அது அவ்வளவு உண்மை இல்லை. தட்டச்சு செய்யும்போதே கோடின் துண்டுகள் வெளியே ஒரு சர்வருக்குப் போய்ப் பரிந்துரையோடு திரும்புகின்றன. 2023இல் சாம்சங்கின் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டிக் கேள்வி கேட்டது வெளியே தெரிந்து, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளையே தடைசெய்தது. அங்கே கோடு போனது எடிட்டர் வழியாகக்கூட அல்ல, சாதாரண பிரவுசர் வழியாக. ஆகவே எடிட்டரை ஒன்றாக்கினால் கசிவு நிற்கும் என்பது இங்கும் பொருந்தவில்லை. எந்தக் கோடு எந்த நிறுவனத்தின் மாடலுக்குப் போகலாம், அங்கே எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பயிற்சிக்கு எடுப்பார்களா என்பவை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை. மீறல் நடக்காமல் காக்க வேண்டியது நெட்வொர்க். இந்த விஷயத்தில் நிறுவனம் கண்டிப்பாக இருப்பதை எந்த நிரலாளரும் குறை சொல்ல நியாயமில்லை. அனுமதிக்கப்பட்ட உதவியாளர் ஓர் எடிட்டரில் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அந்த அளவுக்கு அந்த எடிட்டர் கட்டாயமாகத்தான் ஆகும்.

ஆனால் அந்த உதவியாளர்களே எடிட்டரை விட்டு வெளியே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். டெர்மினலில் ஓடும் ஏஜென்டுகள் கோப்புகளைத் தாமே படித்து, திருத்தி, சோதனைகளை ஓட்டுகின்றன. பக்கத்தில் ஈமாக்ஸ் திறந்திருக்கிறதா வி.எஸ். கோடா என்று அவற்றுக்குக் கவலை இல்லை. அவற்றுக்குத் தேவை திட்டத்தைப் பற்றிய விவரம்: எப்படி பில்ட் செய்வது, சோதனையை எப்படி ஓட்டுவது, எந்தக் கோப்புறையைத் தொடக் கூடாது. முதலில் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு கோப்புப் பெயர் வைத்துக்கொண்டது. கர்சருக்கு ஒன்று, கோபைலட்டுக்கு ஒன்று, கிளாட் கோடுக்கு ஒன்று; ஒரே கோப்புறையில் ஒரே அறிவுரை மூன்று பெயர்களில் கிடந்தது. 2025இல் ஏஜென்ட்ஸ் டாட் எம்.டி. என்ற பொதுப் பெயரைப் பல கருவிகள் ஏற்றுக்கொண்டன. அந்தக் கோப்பு கிட்டில் மற்றக் கோடோடு சேர்ந்தே இருக்கிறது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும் புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்ப வேண்டும். எந்த எடிட்டரில் அதைத் திருத்தினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.